மண்ணும் உடல்நலமும்: இணையவழிக் கருத்தரங்கில் முதல்முறை கலந்துகொள்கிறவர்களுக்கு

மண் பற்றிய உலகக் கருத்தரங்கு என்றதும், அது விஞ்ஞானிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடம், நமக்கு அங்கே என்ன வேலை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் 2017-இல் மண் கார்பன் பற்றியும், 2018-இல் மண் மாசு பற்றியும், 2019-இல் மண் அரிப்பு பற்றியும் உலகக் கருத்தரங்குகளை ரோம் நகரில் நடத்தியது. 2021 ஏப்ரலில் மண்ணுயிர்ப் பன்மை பற்றிய கருத்தரங்கு இணையவழியிலேயே நடந்தது. விசாவும் விமான டிக்கெட்டும் இல்லாமல், பல சமயம் பதிவுக் கட்டணமும் இல்லாமல், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. வீட்டுத் தோட்டம் போடுகிறவர், பள்ளி ஆசிரியர், செவிலியர், உணவு ஆலோசகர், விவசாயி என்று எல்லாருக்கும் இதில் இடம் உண்டு.

உள்ளே போவது சுலபமாகிவிட்டதால், கருத்தரங்கை ஒரு மூலையில் ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பதும் சுலபமாகிவிட்டது. மூன்று நாள் முடிந்தபின் யோசித்துப் பார்த்தால் மனதில் ஒன்றும் தங்கியிருக்காது. அதனால் லிங்க்கை எங்கே அழுத்துவது என்பதைப் பற்றிக் குறைவாகவும், எதைத் தேடிக்கொண்டு போய் உட்காருவது என்பதைப் பற்றி நிறையவும் இங்கே எழுதுகிறேன்.

பதிவு செய்வதற்கு முன்: உங்கள் கேள்வி எது?

ஒரே ஒரு கேள்வி போதும். ஆனால் அது உங்களுடையதாக இருக்க வேண்டும். "மண் ஏன் முக்கியம்?" என்பது கேள்வியே இல்லை, அதற்குத் தொடக்க உரையிலேயே பதில் வந்துவிடும். "எங்கள் தோட்டம் வண்டிகள் அதிகம் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது, அந்த மண்ணில் ஈயம் இருக்கலாம், கீரை போடலாமா?" என்பது கேள்வி. "குழந்தைகளை மண்ணில் விளையாட விடுவது எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்கிறார்கள், குடற்புழு வரும் என்றும் சொல்கிறார்கள், இரண்டையும் எப்படிச் சேர்த்து யோசிப்பது?" என்பதும் கேள்வி. இரண்டாவது கேள்வி ரொம்பவே நியாயமானது. மண் வழியாகப் பரவும் குடற்புழுத் தொற்று உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதே மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்துதான் 1943-இல் நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் பிரித்தெடுக்கப்பட்டது, காசநோய்க்கு முதல் மருந்தும் கிடைத்தது. மண் நல்லதா கெட்டதா என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டால் பதில் வராது. எந்த மண், அதில் என்ன, யாருக்கு, எந்த வழியில் என்று குறுக்கிக்கொண்டே போனால்தான் வரும்.

கேள்வியை ஒரு தாளில் எழுதி கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அமர்வுக்குப் போவது, எதை விட்டுவிடுவது என்பதை அந்தத் தாள் முடிவு செய்யட்டும்.

பதிவும் நேரமும்

பதிவுப் படிவத்தில் நிறுவனம் என்ற கட்டம் இருக்கும். நீங்கள் எந்த நிறுவனத்தையும் சேராதவர் என்றால் தனிநபர் என்று போடலாம், அதற்காக யாரும் உங்களை ஒதுக்கப்போவதில்லை. பதிவானதும் மின்னஞ்சலில் வரும் லிங்க் பெரும்பாலும் உங்களுக்கென்று தனியாக உருவாக்கப்பட்டது, அதை நண்பருக்கு அனுப்பினால் இருவருக்கும் சிக்கல் வரலாம். அவரைத் தனியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

போலிக் கருத்தரங்குகளும் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். உங்களை மதிப்புக்குரிய பேராசிரியரே என்று விளித்து, நீங்கள் எழுதாத ஒரு கட்டுரையைப் பாராட்டி, ஒரே நிகழ்ச்சியில் மண், பல் மருத்துவம், வங்கித் தொழில் என்று எல்லாவற்றையும் சேர்த்து, சீக்கிரம் பணம் கட்டச் சொல்லி வரும் அழைப்பை அப்படியே விட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அமைப்புக் குழுவில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அங்கே உள்ள முகவரிக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். உலக மண் நாளான டிசம்பர் 5-ஐ ஒட்டி நிறைய நிகழ்ச்சிகள் வரும், அந்தச் சமயத்தில் கூடுதல் கவனம் தேவை.

நேரக் குழப்பத்தால் அமர்வைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். நிகழ்ச்சி நிரலில் ரோம் நேரம் மதியம் 2 மணி என்று போட்டிருந்தால், கோடையில் அது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், 12 மணி, குளிர்காலத்தில் யுடிசி 13 மணி. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரங்களில் நடக்கும் கருத்தரங்கு என்றால் முதலில் யுடிசிக்கு மாற்றி, அப்புறம் உங்கள் நேரத்துக்கு மாற்றி, கைபேசி காலண்டரில் போட்டுவிடுங்கள்.

கொஞ்சம் முன்தயாரிப்பு

பேச்சாளர்கள் 10, 15 நிமிடங்களில் ஓடுவார்கள், அடிப்படைகளை நின்று விளக்க நேரம் இருக்காது. அதனால் சில விஷயங்களை முன்பே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, ரொம்ப அல்ல.

கார்பனும் கரிமப் பொருளும் ஒன்றல்ல. மக்கிய இலை, வேர், நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்தது கரிமப் பொருள், கார்பன் அதன் ஒரு பகுதி. வழக்கமாகக் கார்பன் அளவை 1.72 ஆல் பெருக்கினால் கரிமப் பொருளின் தோராய அளவு வரும். ஒருவர் 2 சதவீதம் என்று கார்பனைச் சொல்ல, அடுத்தவர் 3.4 சதவீதம் என்று கரிமப் பொருளைச் சொன்னால் இருவர் மண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டாவது மண் வளமானது என்று குறித்துக்கொள்ளாதீர்கள்.

அமில கார நிலையைக் குறிக்கும் பிஹெச் அளவு பத்துப் பத்து மடங்காகப் போகும். 5 உள்ள மண் 6 உள்ள மண்ணைவிடப் பத்து மடங்கு அமிலத்தன்மை கொண்டது. வரைபடத்தில் சின்ன ஏற்றம்போலத் தெரிவது நிஜத்தில் பெரிய மாற்றமாக இருக்கலாம்.

எந்த ஆழத்தில் மண் எடுத்தார்கள் என்பதைப் பாருங்கள். கரிமப் பொருள் பொதுவாக மேற்பரப்பில் அதிகம், கீழே போகப்போகக் குறையும். மேலே 10 சென்டிமீட்டரில் எடுத்த எண்ணையும் 30 சென்டிமீட்டர் வரை எடுத்த எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

இவற்றைவிட முக்கியமானது மொத்த அளவுக்கும் பயிருக்குக் கிடைக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசம். மண்ணில் துத்தநாகம் இருக்கும், ஆனால் சுண்ணாம்பு மிகுந்த காரத்தன்மையுள்ள மண்ணில் அது வேருக்கு எட்டாதபடி பிடிபட்டுக் கிடக்கும். நச்சு உலோகமான காட்மியம் நேர்மாறாக, அமில மண்ணில் சுலபமாக வேருக்குள் போகும். இது புரிந்துவிட்டால் உடல்நலம் பற்றிய பாதிப் பேச்சுகள் உங்களுக்குத் திறந்துவிடும்.

எந்தக் கண்ணியை அளந்தார்கள்?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மண்ணிலிருந்து உடல்நலம் வரை ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது: மண்ணில் இருப்பது, வேர் எடுப்பது, நாம் சாப்பிடும் பகுதிக்கு வந்து சேர்வது, சமைத்தபின் மிஞ்சுவது, குடல் உறிஞ்சுவது, இரத்தத்தில் தெரிவது, கடைசியில் நோய் குறைவது அல்லது கூடுவது. பெரும்பாலான ஆய்வுகள் இதில் ஒன்றிரண்டு கண்ணிகளைத்தான் அளக்கின்றன. அது குறையல்ல, ஆய்வு அப்படித்தான் நடக்க முடியும். ஆனால் தலைப்பும் கடைசி ஸ்லைடும் பல சமயம் சங்கிலியின் மறுமுனை வரை போய்விடும். மண்ணை மட்டும் அளந்துவிட்டு மனிதர் நலம் என்று முடிப்பார்கள். ஒவ்வொரு பேச்சையும் கேட்கும்போது நோட்டில் ஒரு கோடு போட்டு, எந்தக் கண்ணியிலிருந்து எந்தக் கண்ணி வரை அளந்தார்கள், எங்கிருந்து ஊகம் தொடங்குகிறது என்று குறியுங்கள். முனைவர் பட்டம் இல்லாமலே செய்யக்கூடிய வேலை இது.

நீளமாக அளந்ததற்கு ஓர் உதாரணம் பின்லாந்து. உடலுக்குச் சிறிதளவு தேவைப்படும் தாதுவான செலினியம் அந்நாட்டு மண்ணில் பயிருக்குக் கிடைப்பது மிகக் குறைவு, மக்களுக்கும் உணவு வழியாகப் போதுமான அளவு கிடைக்கவில்லை. 1980-களின் நடுவில் உரத்திலேயே செலினியம் சேர்க்க அரசு முடிவெடுத்தது. பயிர், பால், இறைச்சி, மனித இரத்தம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் தொடர்ந்து அளந்துவந்தார்கள், எல்லாவற்றிலும் அளவு ஏறியது. இவ்வளவு அளந்த பிறகும், அதே காலத்தில் இதயநோய் குறைந்ததை செலினியத்தின் கணக்கில் எழுத முடியவில்லை, ஏனென்றால் உணவுப் பழக்கமும் புகைப்பழக்கமும் சிகிச்சையும் அதே சமயத்தில் மாறிக்கொண்டிருந்தன. கடைசிக் கண்ணி எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது, கொஞ்சம் தூரம் போன ஓர் ஆய்வு, அதுவும் பின்லாந்திலிருந்துதான். 2020-இல் வெளியானது. குழந்தைகள் காப்பக முற்றங்களில் காட்டுத் தரையை, அதாவது மண்ணும் செடியும் பாசியுமாகக் கொண்டுவந்து பரப்பி, 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் 75 பேரை 28 நாட்கள் கவனித்தார்கள். தோலில் உள்ள நுண்ணுயிர்களின் பன்மை கூடியது, இரத்தத்தில் எதிர்ப்பு மண்டலத்தைச் சார்ந்த சில குறியீடுகள் நல்ல திசையில் நகர்ந்தன. அருமையான ஆய்வு. ஆனால் ஒவ்வாமை குறைந்ததா என்று அது அளக்கவில்லை, 28 நாளில் அளக்கவும் முடியாது. யாராவது இதைக் காட்டி, மண்ணில் விளையாடினால் ஆஸ்துமா வராது என்று சொன்னால் கண்ணி விட்டுப்போனதை நீங்கள் பிடித்துவிடலாம்.

மண்ணைத் தொட்டால் மனம் மகிழும் என்ற பேச்சையும் நிச்சயம் கேட்பீர்கள். அதற்கு அடிப்படையாகக் காட்டப்படும் 2007 ஆய்வு எலிகளில் நடந்தது. மண்ணில் வாழும் ஒரு மைக்கோபாக்டீரியத்தை வெப்பத்தால் கொன்று எலிகளுக்குச் செலுத்தியபோது மூளையில் மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற வேதிப்பொருள் சார்ந்த சில நரம்பணுக்கள் தூண்டப்பட்டன. தோட்டவேலை மனதுக்கு இதம் தரும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் வெயில், உடலுழைப்பு, பசுமை, நண்பர்கள் என்று பல காரணங்கள் இருக்க, எல்லாவற்றையும் அந்தப் பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிட அந்த ஆய்வு இடம் தரவில்லை.

சில சமயம் சங்கிலி வேறு பாதையில் போகும். தோட்டத்து ஈயத்தை எடுத்துக்கொண்டால், செடி வேர் வழியாக இழுப்பது பொதுவாகக் கொஞ்சம்தான். கையிலும் நகத்திலும் ஒட்டியது, காற்றில் பறந்து வீட்டுக்குள் வந்த தூசி, சரியாகக் கழுவாத கீரையில் ஒட்டிய மண், குழந்தை வாயில் வைத்த விரல், இவைதான் பெரும்பாலும் முக்கிய வழி. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவரவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் ஈயம் பற்றிய அமர்வில் காய்கறியை மட்டும் அளந்துவிட்டுப் பிரச்சினை இல்லை என்று முடித்தால், தூசியை அளந்தீர்களா என்று கேட்பது உங்கள் கடமை என்றே சொல்வேன்.

அன்றைக்கு

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். செயலியை முதல் நாளே புதுப்பித்துவிடுங்கள். 10 நிமிடம் முன்னதாக உள்ளே போங்கள். திரையில் உங்கள் பெயரை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மாற்றி, நாட்டையும் தொழிலையும் சேர்த்துப் போடுங்கள், "விவசாயி" என்று இருப்பதைப் பார்த்து நெறியாளர் அந்தக் கேள்வியைத் தேடி எடுப்பது நடக்கிறது. இணையம் மெதுவாக இருந்தால் மற்ற ஜன்னல்களை மூடுங்கள், அமர்வு வெபினார் வடிவில், அதாவது பேச்சாளர்கள் மட்டும் திரையில் வரும் வடிவில், இருந்தால் உங்கள் கேமராவும் மைக்கும் எப்படியும் அணைந்தே இருக்கும், கவலை வேண்டாம். ஐ.நா. அமைப்புகளின் நிகழ்ச்சி என்றால் மொழிபெயர்ப்பு வசதியைத் தேடிப் பாருங்கள், கீழே உலக உருண்டைச் சின்னத்தை அழுத்தினால் எந்தெந்த மொழி என்று வரும். தமிழ் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதனால் ஆங்கிலத் தானியங்கி வசன வரிகளை ஓடவிட்டால் உச்சரிப்பு புரியாத இடங்களில் கை கொடுக்கும், வேதிப்பொருள் பெயர்களில் மட்டும் அது அடிக்கடி தடுமாறும்.

எல்லா அமர்வுக்கும் போகாதீர்கள். இணையாக நான்கு அமர்வுகள் நடந்தால் ஒன்றில் முழுதாக இருங்கள். தாவிக்கொண்டே இருந்தால் எதிலும் கேள்வி நேரம் வரை இருக்க மாட்டீர்கள், கேள்வி நேரத்தில்தான் பேச்சாளர்கள் ஸ்லைடில் போடாததைச் சொல்கிறார்கள்.

கேள்வி கேட்பது

சாட்டும் கேள்வி-பதில் பெட்டியும் வேறு வேறு. சாட்டில் வணக்கங்களும் வாழ்த்துகளும் வெள்ளமாக ஓடும், அங்கே போட்ட கேள்வி அடித்துக்கொண்டு போய்விடும். கேள்வி-பதில் பெட்டியில் போடுங்கள். பேச்சு முடியும்வரை காத்திருக்காமல் பாதியிலேயே போட்டுவிட்டால் நெறியாளர் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம்.

இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். யாருக்கு என்று பெயரைப் போட்டுத் தொடங்குங்கள், நீங்கள் யார் என்று நாலு வார்த்தை, அப்புறம் ஒரே கேள்வி. "நல்ல உரை, மண் வளத்தையும் சத்தையும் எப்படி மேம்படுத்துவது?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "கோதுமை மணியில் துத்தநாகம் கூடியது என்றீர்கள். மணியில் உள்ள ஃபைட்டேட் துத்தநாகம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் அல்லவா, அதையும் அளந்தீர்களா?" என்று கேட்டால் பேச்சாளர் நிமிர்ந்து உட்காருவார். ஆங்கிலம் தடுமாறினால் வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள், மன்னிப்புக் கேட்டு இடத்தை வீணாக்காதீர்கள். கேட்பவர்களில் பாதிப் பேருக்கும் அது தாய்மொழி அல்ல.

உங்கள் கேள்வி எடுக்கப்படவில்லை என்றால் மனம் தளர வேண்டாம், அதை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நீங்களே ஏதாவது சமர்ப்பிக்க நினைத்தால்

முதல்முறை கேட்பவராகவும் அடுத்த முறை போஸ்டரோடும், அதாவது உங்கள் ஆய்வை ஒரே பக்கத்தில் காட்டும் சுவரொட்டியோடும், வருவதுதான் என் பார்வையில் நல்ல வரிசை. ஆனால் கையில் ஏற்கெனவே அளவீடு இருந்தால், உதாரணமாக ஒரு பள்ளித் தோட்டத்தின் மண்ணைச் சில பருவங்களாகப் பரிசோதித்து வருகிறீர்கள் என்றால், தயங்காமல் அனுப்பலாம். ஆய்வுச் சுருக்கம் பெரும்பாலும் 250, 300 வார்த்தைக்குள் கேட்பார்கள். பாதி இடத்தை மண் உயிரின் ஆதாரம் என்று எழுதி நிரப்பாதீர்கள், அது படிப்பவருக்குத் தெரியும். என்ன சிக்கல், எங்கே, எத்தனை மாதிரி, எந்த ஆழம், எந்த முறையில் அளந்தது, என்ன எண் வந்தது, அதனால் என்ன சொல்ல முடியும், என்ன சொல்ல முடியாது. அவ்வளவுதான். கடைசியில் உள்ள "சொல்ல முடியாது" என்பதை நேர்மையாக எழுதுகிற சுருக்கத்தை மதிப்பீட்டாளர்கள் மதிக்கிறார்கள்.

கடைசித் தேதிக்குப் பக்கத்தில் ஏஓஇ என்று போட்டிருந்தால், பூமியில் எந்த மூலையிலாவது அந்தத் தேதி முடியாமல் இருக்கும்வரை அனுப்பலாம் என்று பொருள், அதாவது மறுநாள் யுடிசி நண்பகல் வரை. அந்த நேரத்தை நம்பி உட்காராமல் ஒரு நாள் முன்னதாகவே அனுப்புங்கள், கடைசி மணி நேரத்தில் தளம் திணறுவது எங்கும் நடப்பதுதான். பேச்சை முன்பே பதிவு செய்து அனுப்பச் சொன்னால் படத்தைவிட ஒலியில் கவனம் வையுங்கள். மங்கலான ஸ்லைடைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் இரைச்சலான குரலைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முடிந்தபின்

ரெக்கார்டிங் எத்தனை நாள் இருக்கும் என்பதைக் கடைசி அமர்விலேயே கேட்டு வையுங்கள், சில தளங்களில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும், அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான் திறந்திருக்கும். ஒரு வாரத்துக்குள், நினைவு ஆறுவதற்குள், நகலெடுத்து வைத்த கேள்வியைப் பேச்சாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். எந்த நாள், எந்த அமர்வு, அவர் சொன்ன எந்த வாக்கியம் என்று குறிப்பிட்டு எழுதினால் பதில் வரும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. தன் வேலையை ஒருவர் இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார் என்பது எந்த ஆய்வாளருக்கும் சந்தோஷம்தான்.

அப்புறம் உங்கள் சொந்த மண். கருத்தரங்கு முடித்த உற்சாகத்தில் பலர் மண் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள், நல்லது, ஆனால் வழக்கமான வளப் பரிசோதனையில் பிஹெச், கார்பன், தழை, மணி, சாம்பல் சத்துகள், அதோடு சில நுண்ணூட்டங்கள்தான் வரும். ஈயம், காட்மியம், ஆர்சனிக் வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும், அந்த ஆய்வகத்தில் வசதி இருக்கிறதா என்றும் முன்பே விசாரிக்க வேண்டும். ஒரே இடத்தில் அள்ளாமல், தோட்டத்தில் பத்துப் பதினைந்து இடங்களில், ஒரே ஆழத்தில் எடுத்து, சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ அனுப்புங்கள். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு வாளி வேண்டாம், அந்தப் பூச்சே முடிவைக் கெடுத்துவிடும். சாலையை ஒட்டிய பகுதியையும் உள்பகுதியையும் கலக்காமல் இரண்டு தனி மாதிரிகளாக அனுப்புங்கள். முடிவு வந்ததும் ஆழத்தையும் அளந்த முறையையும் அந்தத் தாளிலேயே எழுதி வைத்துவிட்டால், அடுத்த கருத்தரங்கின் ஆய்வுச் சுருக்கத்துக்கு வேண்டிய முதல் எண்கள் உங்களிடம் தயாராக இருக்கும்.